சென்ட்ரல் லைன் இல்லாத இடத்துல நார்அட்ரினலின்: பாளைக்கு அனுப்புறதுக்கு முன்னால கை நரம்புல ஓட்டலாமா?

ஆத்தங்கரை_ஸ்டாஃப் (அம்பாசமுத்திரம்)

அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம். நாலு கட்டில் ஐ.சி.யு. உள்ள சின்ன ஆஸ்பத்திரி. செப்சிஸ்ல (கிருமித் தொற்று முத்தி உறுப்புகள் கெடுற நிலை) பிரஷர் விழுந்த பேஷன்ட்டை பாளை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாலேயே, பிரஷர் ஏத்துற நார்அட்ரினலின் மருந்தை ஆரம்பிச்சிரணும்னு இப்ப டாக்டர்கள் சொல்லுதாங்க. சென்ட்ரல் லைன் (கழுத்து, நெஞ்சுப் பக்கப் பெரிய நரம்புல போடுற குழாய்) போட எந்நேரமும் ஆள் இருக்க மாட்டாங்க. கையில போட்ட வென்ஃப்ளான்லதான் (கை நரம்புல செருகுற சின்னக் குழாய்) ஓட்டணும்.

கேட்க வேண்டியது இதுதான். எந்த நரம்புல போட்டா பத்திரம்? எவ்வளவுல எவ்வளவு கலக்கணும்? 50 மி.லி. சிரிஞ்சுல 4 மி.கி.ன்னு ஆர்டர் எழுதுதாங்க. ஆம்பியூல்லயோ ஒரு இடத்துல 2ன்னும் இன்னொரு இடத்துல 4ன்னும் போட்டிருக்கு. ஒண்ணு உடைக்கணுமா, ரெண்டு உடைக்கணுமா? சிரிஞ்சு பம்ப் ஒண்ணே ஒண்ணுதான். சிரிஞ்சு மாத்துற நேரத்துல பிரஷர் சரிஞ்சிரும்ங்காங்க, அதுக்கு என்ன வழி? மருந்து வெளிய கசிஞ்சா முதல் வேலை என்ன?

"ஜாக்கிரதையா பாத்துக்கோங்க"ன்னு பொதுவா சொல்லாம அளவோட சொன்னா, டியூட்டி ரூம் சுவத்துல எழுதி ஒட்டிக்கிடுவோம்.

இன்சார்ஜ்_அக்கா (ஐ.சி.யு., பாளையங்கோட்டை)

ஓட்டலாம் தங்கச்சி. 2021ல வந்த சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதலே சென்ட்ரல் லைனுக்காகக் காத்துக் கிடக்காதீங்க, கை லைன்லயே ஆரம்பிச்சிருங்கன்னுதான் சொல்லுது. கூடவே ரெண்டு கட்டும் வைக்குது: கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அதுவும் முழங்கை மடிப்புலயோ அதுக்கு மேலயோ உள்ள நரம்புல. முன்கையோட மேல்பாதியில தடிச்சு நேரா ஓடுற நரம்பு கிடைச்சா அதையும் சில ஐ.சி.யு.வுல ஒத்துக்கிடுதாங்க. புறங்கை, மணிக்கட்டு, கால் இந்த மூணும் கூடவே கூடாது. அங்க தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதையே கிடையாது. கசிஞ்சா தோல் செத்து தசைநார் வரைக்கும் வெளிய தெரியும்.

பச்சை வென்ஃப்ளான், அதாவது 18 கேஜ். கிடைக்கலைன்னா பிங்க், 20. நீலத்துல ஓட்டாதீங்க. நரம்பு ஒரே குத்துல கிடைச்சதா இருக்கணும். இதுல பலபேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. மேல ஒரு குத்து குத்தி நரம்பு உடைஞ்சுபோச்சு, சரின்னு அதே நரம்புல ரெண்டு இஞ்சு கீழ இறங்கிப் போட்டுருவாங்க. லைன் நல்லா ஓடும், ரத்தமும் திரும்பி வரும். ஆனா மருந்து மேல போகும்போது பழைய ஓட்டை வழியா கசியும். ஊசி முனையையே பாத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அதனால குத்தித் தவறின நரம்பை விட்டுட்டு அடுத்த கைக்குப் போயிருங்க.

வார்டுல நேத்து போட்ட லைன்லயும் வேண்டாம், புதுசாப் போடுங்க. ரத்தம் திரும்புதான்னு பாருங்க. அப்புறம் 10 மி.லி. நார்மல் சலைனை அழுத்தாம, பாட்டில் உயரத்துல தானா இறங்க விட்டு, வீக்கமோ வலியோ வருதான்னு பாருங்க. முழங்கை மடிப்புல போட்டிருந்தா கை மடங்காம ஸ்பிளின்ட் கட்டுங்க. ஒட்டு பிளாஸ்டரைச் சுத்திச் சுத்தி மூடிராதீங்க, உள்ள தெரியுற டிரான்ஸ்பரன்ட் டிரெஸ்ஸிங்தான் போடணும். போர்வைக்கு வெளிய அந்தக் கை எப்பவும் தெரியணும். பி.பி. கஃப் அடுத்த கையில. அந்த அடுத்த கையிலயே இன்னொரு வென்ஃப்ளானும் காலியா ரெடியா இருக்கணும். முதல் லைன் போச்சுன்னா அப்பதான் நரம்பு தேடணும்கிற நிலைமை வரக்கூடாது. பிரஷர் இல்லாத ஆளுக்கு நரம்பு கிடைக்காது.

லைனை எப்படிச் சோதிக்கணும்கிறதுதான் முக்கியம். நம்ம ஊர்க் கறுத்த தோல்ல "வெளுத்துப் போகும்"னு புத்தகத்துல எழுதினது அப்படியே தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி நிறம் மங்கும், மயிர்க்கால் சிலிர்த்து நிக்கும், நரம்பு ஓடுற பாதையில ஒரு கோடு மாதிரி தோல் இறுகித் தெரியும். கண்ணை மட்டும் நம்பாம, உங்க புறங்கையை அந்த இடத்துல வச்சுப் பாருங்க, உடனே எதிர்க்கையில அதே இடத்துல வச்சுப் பாருங்க. லைன் உள்ள பக்கம் சில்லுன்னு இருந்தா சந்தேகம்தான். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிசத்துக்கு ஒருக்கா, அப்புறம் மணிக்கு ஒருக்கா. சார்ட்ல "லைன் ஓகே"ன்னு எழுதாம வீக்கம், வலி, குளிர்ச்சி, நிறம் நாலையும் தனித்தனியா எழுதுங்க.

பம்ப் அலாரம் அடிக்கலியே, அப்ப கசியலன்னு மட்டும் நினைச்சிராதீங்க. தோலுக்கடியில இடம் தாராளமா இருக்கு. மருந்து அங்க போனாலும் பம்ப்புக்கு அழுத்தம் ஏறாது, அது பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

மருந்துக்கடை_அண்ணாச்சி (ஹாஸ்பிட்டல் ஃபார்மசிஸ்ட், தென்காசி)

ஆம்பியூல் கேள்விக்கு வாரேன். நீங்க பாத்த 2, 4 ரெண்டுமே சரிதான். நம்ம நாட்டுல பரவலா வர்ற 2 மி.லி. ஆம்பியூல்ல நார்அட்ரினலின் பைடார்ட்ரேட்டுங்கிற உப்பு மி.லி.க்கு 2 மி.கி. இருக்கு. அதுக்கு ஈடான பேஸ், அதாவது வேலை செய்யுற மருந்து, மி.லி.க்கு 1 மி.கி. ஆக ஒரு ஆம்பியூல்ல உப்புக் கணக்குல 4, பேஸ் கணக்குல 2. டோஸ் கணக்கு வழக்கமா பேஸ்லதான் போடுறது. அப்படிப் பாத்தா 50 மி.லி.யில 4 மி.கி.ன்னா 2 ஆம்பியூல்: 4 மி.லி. மருந்து, 46 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ், மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். எல்லா கம்பெனியும் ஒரே அளவுல போடுறதில்லை, 4 மி.லி. ஆம்பியூலும் வருது. அதனால "ரெண்டு ஆம்பியூல்"னு மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படிச்சு, "பேஸ் எத்தனை மி.கி.?"ன்னு ரெண்டு பேர் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டு உடைங்க. ஆர்டர் எழுதுற டாக்டரையும் "பேஸ்"னு சேர்த்து எழுதச் சொல்லுங்க.

இதுல பிசகினா ஆபத்து எங்க வரும்னா, உங்க வார்டுல இல்ல, பாளையில. நீங்க ஒரே ஆம்பியூலைப் போட்டுட்டு சிரிஞ்சுல "4 மி.கி. / 50"ன்னு எழுதி அனுப்புனா உள்ளே இருக்கிறது மி.லி.க்கு 40. பிரஷரைப் பாத்துப் பாத்து ஏத்தினதால உங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். அங்க அவங்க 80 இருக்கிற சிரிஞ்சை மாட்டி, "இவ்வளவு மி.லி. ஓடிச்சு"ன்னு உங்க வேகத்தையே வச்சா ஒரே நிமிசத்துல டோஸ் ரெட்டிப்பு. சிரிஞ்சு லேபிள்ல மருந்து பேர், பேஸ் எத்தனை மி.கி., மொத்தம் எத்தனை மி.லி., மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம், கலந்த தேதி, மணி, கலந்தவங்க, சரிபாத்தவங்க கையெழுத்து எல்லாம் இருக்கணும். பிரஷர் ஏத்துற மருந்துக்கு ஊதா லேபிள்ங்கிறது மயக்க மருந்து வழக்கம், அதையே பிடிச்சுக்கிடுங்க.

கலக்குறதுக்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். மருந்து காத்துப்பட்டுக் கெடுறதை டெக்ஸ்ட்ரோஸ் தடுக்குது, மருந்தோட குறிப்புத்தாளும் அதைத்தான் சொல்லுது. சலைன்ல கலக்குற ஐ.சி.யு.வும் உண்டு, சுகர் எக்கச்சக்கமா ஏறின பேஷன்ட்டுக்கு டாக்டர் அப்படிச் சொன்னா சொன்னபடி செய்யலாம். கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். சோடாபைகார்ப், தயோபென்டோன் மாதிரி காரத்தன்மை உள்ள எதையும் அதே லைன்ல ஓட்டக் கூடாது, மருந்து செத்துப்போகும். ரத்தமும் பிளாஸ்மாவும் தனி லைன்ல.

நிறம் பாருங்க. பிங்க்கோ பழுப்போ அடிச்சிருந்தா, தூள் மாதிரி மிதந்தா தூக்கிப் போட்டுருங்க. வெளிச்சம் ஆகாத மருந்து. ஆம்பியூலைப் பெட்டியிலிருந்து எடுத்து எமர்ஜென்சி டிரேயில கொட்டி வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. ஜன்னல் ஓரத்து டிரேயில சித்திரை வெயில் பட்டுக்கிட்டே கிடந்தா அந்த ஆம்பியூலை நம்ப முடியாது. அட்டைப் பெட்டியோடயே வைங்க. அதே டிரேயில அட்ரினலினும் நார்அட்ரினலினும் பக்கத்துல பக்கத்துல இருக்கவே கூடாது. பேரும் ஒண்ணுபோல, ஆம்பியூலும் ஒண்ணுபோல.

வீட்டாள்கிட்ட கேட்க வேண்டியது மூணு. தூக்கத்துக்கோ மனசுக்கோ மாத்திரை சாப்பிடுதாங்களா? அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் வகை இருந்தா சின்ன டோஸுக்கே பிரஷர் எகிறும். லினசோலிட் ஓடுதா? அதுவும் அப்படித்தான். ஆஸ்துமா, சல்ஃபைட் அலர்ஜி உண்டா? இந்த ஊசியில மெட்டாபைசல்ஃபைட் இருக்கு. இருந்தா உயிர் காக்குற நேரத்துல நிறுத்தணும்னு இல்ல, டாக்டர் காதுல போட்டுட்டு நெஞ்சுச் சத்தத்தைக் கவனிக்கணும்.

ஆத்தங்கரை_ஸ்டாஃப்

அக்கா, அண்ணாச்சி, ரொம்ப உபயோகமா இருக்கு. 80 மைக்ரோகிராம் கலவையையே கை நரம்புல ஓட்டலாமா, இல்ல இன்னும் நீர்க்கக் கலக்கணுமா? பம்ப் வேற கேஸ்ல மாட்டிக்கிட்டா டிரிப் செட்ல ஓட்டலாமா?

மயக்கவியல்_நெல்லை

நீர்க்கக் கலப்பது நல்லது. மி.லி.க்கு 16 மைக்ரோகிராம், அதாவது 250 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் பேஸ் 4 மி.கி. இந்த அளவில் கணக்கு இப்படி: நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் வேண்டுமோ அதை 3.75-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மி.லி. என்று வரும். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் நிமிடத்துக்கு 3 மைக்ரோகிராம், மணிக்கு சுமார் 11 மி.லி. 0.1 என்றால் 6 மைக்ரோகிராம், 22.5 மி.லி. இதே 0.1 உங்கள் 80 கலவையில் 4.5 மி.லி.தான். நீர்த்த கலவையில் இரண்டு லாபம். கசிந்தால் ஓர் இடத்தில் தேங்கும் மருந்து குறைவு. வேகம் அதிகம் என்பதால் ஆரம்பித்ததும் சீக்கிரம் உடம்புக்குப் போய்ச் சேரும். நஷ்டம், 50 மி.லி. சிரிஞ்சு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாட்டிலில் ஓட்டும் வால்யுமெட்ரிக் பம்ப் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

டிரிப் செட் என்றால் மைக்ரோடிரிப் மட்டும். 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, தனிக் கணக்கு வேண்டாம். 500 பாட்டில் முழுவதிலும் மருந்தைக் கலந்து தொங்கவிடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ரோலர் கிளாம்ப் நழுவினால் 8 மி.கி. நேராக உள்ளே போகும். பியூரெட் செட்டில் (நடுவில் அளவுக் குடுவை உள்ள டிரிப் செட்) 100 மி.லி. மட்டும் அளந்து, அதில் பேஸ் 1.6 மி.கி. போடுங்கள். அதே 16தான் வரும். கை அசைந்தால் சொட்டு மாறும், பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். பம்ப் கிடைக்கும்வரை ஓட்டுவதற்கான வழி மட்டுமே இது.

தொடக்கம் கிலோவுக்கு 0.05. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பி.பி. பார்த்து 0.02 முதல் 0.05 வரை ஏற்றலாம். குறி மீன் (சராசரி) பிரஷர் 65. மேல் அளவோடு கீழ் அளவை இரண்டு மடங்காகக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது. 90/50 என்றால் 63, கிட்டத்தட்ட வந்துவிட்டது. சிஸ்டாலிக்கை 120 ஆக்கியே தீருவேன் என்று ஏற்றிக்கொண்டே போவது விரல் கறுப்பதிலும் குடல் ரத்தம் குறைவதிலும் போய் முடியும். மருந்து ஏற ஏறத் துடிப்பு குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிரஷர் ஏறுவதற்கு உடம்பு தரும் மறுவினை அது. 50-க்குக் கீழே போனால் கூப்பிடுங்கள். கை லைனில் 0.2-ஐத் தாண்டியும் ஏற்ற வேண்டியிருந்தால், சென்ட்ரல் லைன் போடக்கூடிய இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

ரத்தக்குழாயில் திரவம் இல்லாமல் இந்த மருந்தை மட்டும் ஏற்றுவது தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் போடுவதுதான். செப்சிஸில் முதல் 3 மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மி.லி. என்பது வழிகாட்டுதல், 60 கிலோவுக்கு 1.8 லிட்டர். அதை முழுதாக ஏற்றி முடிக்கும்வரை நார்அட்ரினலினைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கீழ் அளவு 40-க்குக் கீழே கிடந்தால் இரண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாம். திரவம் வேறு லைனில் போகட்டும்.

காரணம் இதுதான். சிரிஞ்சுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள டியூபில் ஒன்றிரண்டு மி.லி. நார்அட்ரினலின் எப்போதும் நிற்கிறது. அதே திரீ-வேயில் (டியூபில் மாட்டும் மூன்று வழி அடைப்பான்) யாராவது ஆன்டிபயாடிக் ஊசியைத் தள்ளினால், பின்னால் 10 மி.லி. ஃபிளஷ் அடித்தால், அந்த மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் இதயத்துக்குப் போகிறது. 80 கலவையில் 1 மி.லி. என்றால் 80 மைக்ரோகிராம், நிமிடத்துக்கு 6 போய்க்கொண்டிருந்தவருக்கு பதின்மூன்று நிமிட மருந்து ஒரே நொடியில். பிரஷர் 240, 250 என்று எகிறும். மூளை ரத்தக்கசிவு, நுரையீரல் நீர்க்கோப்பு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. எனவே அந்த லைனில் வேறு எதுவும் போகக் கூடாது. திரீ-வேயின் காலி வாயை மூடி, மேலே "நார்அட் – ஊசி போடாதே" என்று ஒட்டிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு தாமதம். மருந்தின் வேலை ஓரிரு நிமிடம்தான் நிற்கும். சிரிஞ்சு தீர்ந்தபின் புதிதாகக் கலக்க ஆரம்பித்தால் அதற்குள் பிரஷர் 50-க்கு வந்திருக்கும். அடுத்த சிரிஞ்சு அரை மணி நேரம் முன்பே கலந்து, லேபிள் ஒட்டி, தனி எக்ஸ்டென்ஷன் டியூபோடு காற்றில்லாமல் நிரப்பித் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பம்ப் இருந்தால் புதியதைப் பக்கத்தில் ஓடவிட்டு, பிரஷர் ஏறத் தொடங்கியதும் பழையதை நிறுத்துவது வழக்கம். ஒரே பம்ப் என்றால்: பேஷன்ட் பக்கம் திரீ-வேயை அடையுங்கள். பழைய சிரிஞ்சை எடுத்துப் புதியதை மாட்டுங்கள். பம்பின் தள்ளுகட்டைக்கும் பிளஞ்சருக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதை மூட பர்ஜ் பட்டனை அழுத்தி டியூப் முனையில் ஒரு துளி வெளியே வரும்வரை தள்ளுங்கள். பேஷன்ட்டோடு இணைக்காமல் செய்ய வேண்டிய வேலை அது. பிறகு இணைத்து, திரீ-வேயைத் திறந்து, ஸ்டார்ட். பர்ஜ் செய்யாமல் மாட்டினால் திரையில் எண் ஓடும், குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் வரைகூட மருந்து ஒரு துளி போகாது. புது சிரிஞ்சு மாட்டியதும் பி.பி. விழுகிறது என்பார்களே, பாதி நேரம் காரணம் இதுதான்.

அக்லூஷன் அலாரம் அடித்தால் அடைப்பை அவசரமாகத் திறந்துவிடாதீர்கள். அழுத்தம் ஏறிய டியூபில் இருப்பது பாய்ந்து உள்ளே போகும். முதலில் பேஷன்ட் பக்கம் அடைத்து, திரீ-வேயின் வெளிவாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, அதன்பின் சரிசெய்யுங்கள்.

இன்சார்ஜ்_அக்கா

டாக்டர் சொன்ன பர்ஜ் விஷயத்தை ரெண்டு தடவை படிங்க. கசிவு பாக்கி இருக்கு, அதைச் சொல்லிருதேன்.

கசிஞ்சிருச்சுன்னு தெரிஞ்ச உடனே பம்ப்பை நிறுத்தி, அடுத்த கையில உள்ள வென்ஃப்ளானுக்கு மாத்தி ஓட்டிருங்க. மருந்து நிக்கவும் கூடாது, அதே லைன்ல ஓடவும் கூடாது. கசிஞ்ச வென்ஃப்ளானை உடனே பிடுங்கிராதீங்க. டியூபைக் கழட்டிட்டு 5 மி.லி. சிரிஞ்சால மெதுவா இழுத்து வர்றதை எடுங்க. ஃபிளஷ் அடிக்கவே கூடாது. வீக்கத்தோட ஓரத்தைப் பேனாவால கோடு போட்டு, மணி எழுதி, போட்டோ எடுத்து வைங்க. கையை உயர்த்தி வைங்க. வெதுவெதுப்பா ஒத்தடம் கொடுக்கணும். ஐஸ் வைக்கக் கூடாது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிற ரத்தக்குழாயை ஐஸ் இன்னும் சுருக்கிரும். வேற மருந்து கசிஞ்சா ஐஸ் வைக்கிற பழக்கத்துல கை தானா ஐஸ் பாக்ஸுக்குப் போகும், பாத்துக்கிடுங்க.

மாத்து மருந்து ஃபென்டோலமின், 5லிருந்து 10 மி.கி., 10 மி.லி. சலைன்ல. மெல்லிசான ஊசியால கோடு போட்ட இடத்துல சுத்திச் சுத்தித் தோலுக்கடியில, கொஞ்சம் கொஞ்சமா. 12 மணி நேரத்துக்குள்ள, சீக்கிரம் போடப் போட நல்லது. வேலை செஞ்சா நிறம் கண்ணு முன்னால திரும்பும். அந்த மருந்து உடம்புல ஏறி பிரஷரை இறக்கும்கிறதால டாக்டர் கூடவே நிக்கணும்.

மருந்துக்கடை_அண்ணாச்சி

ஃபென்டோலமின் தாலுகா ஊர்ல தேடினா கிடைக்கிறது கஷ்டம், சிஸ்டர். கைவசம் இருக்கிறது டெர்பியூட்டலின் ஊசி, இழுப்புக்குப் போடுறது. மி.லி.க்கு 0.5 மி.கி., 2 ஆம்பியூல் எடுத்தா 1 மி.கி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கி அதே மாதிரி சுத்திப் போடலாம். துடிப்பு ஏறும், மானிட்டர்ல பாக்கணும். 2 சதவீத நைட்ரோகிளிசரின் களிம்பு ஒரு இஞ்சு நீளம் அந்த இடத்துல தடவுறதும் வழக்கத்துல இருக்கு. எதுவா இருந்தாலும் டாக்டர் ஆர்டரோடதான். நார்அட் ஆரம்பிக்கிற அன்னைக்கே இதுல ஒண்ணு வார்டுல இருக்கான்னு எங்களைக் கேட்டு வச்சுக்கிடுங்க.

பொட்டல்_ராஜா

இவ்வளவு பாடு எதுக்கு? பிரஷர் ஏத்துற இன்னொரு மருந்து டோபமின்னா கை நரம்புல பயமில்லாம ஓட்டலாமே. முந்தியெல்லாம் அதுதானே.

மயக்கவியல்_நெல்லை

டோபமின் கசிந்தாலும் தோல் சாகும், அதற்கும் ஃபென்டோலமின்தான். அது பாதுகாப்பு என்ற எண்ணம் பழக்கத்தால் வந்தது. 2010-ல் வந்த சோப் டூ ஆய்வில் 1,679 ஷாக் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இதயத்துடிப்புக் கோளாறு டோபமினில் 24 சதவீதம், நார்அட்ரினலினில் 12. மானிட்டர் பார்க்க ஆள் குறைவான இடத்தில் துடிப்பைக் கெடுக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன லாபம்? நார்அட்ரினலின் கையில் இல்லையென்றால் டோபமின், அது வேறு விஷயம்.

களக்காடு_காட்டோரம்

இடையில ஒரு கேள்வி. மலையடிவாரம்கிறதால கண்ணாடி விரியன் கடி நிறைய வரும். அதுல பிரஷர் விழுந்தாலும் இதே முறைதானா?

மயக்கவியல்_நெல்லை

லைன் விதிகள் இதேதான், மேலே சில சேர்க்க வேண்டும். கடிபட்ட கை காலில் லைன் வேண்டாம். 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனையில் ரத்தம் உறையவில்லையென்றால் கழுத்திலும் காறை எலும்புக்கடியிலும் சென்ட்ரல் லைனுக்காகக் குத்தக் கூடாது, அழுத்தி நிறுத்த முடியாத இடங்கள். அப்போது முழங்கை லைன்தான் முதல் தேர்வு. விஷமுறிவு மருந்து ஓடும்போது அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்போடு பிரஷர் விழுந்தால் அது அலர்ஜி. அதற்கு நார்அட்ரினலின் அல்ல, அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்புறத் தசையில், உடனே. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திரவமும் மருந்தும் கொடுத்தும் பிரஷர் பிடிவாதமாகக் கீழேயே நின்று, சுகரும் குறைந்தால் ரத்தக்கசிவு, பிட்யூட்டரி பாதிப்பு இரண்டையும் நினைக்க வேண்டும். கண்ணாடி விரியன் விஷம் அந்தச் சுரப்பியைத் தாக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுக்காமல் நார்அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பலன் இராது.

வண்டி_இ.எம்.டி. (சேரன்மகாதேவி)

அனுப்புற பக்கத்துல இருந்து நாலு வார்த்தை. அம்பையிலிருந்து பாளைக்கு 35 கிலோமீட்டர் சொச்சம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை, மேலப்பாளையம்னு ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டாலும் மருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணும். 80 கலவையில 4.5 மி.லி. வேகம்னா 50 மி.லி. சிரிஞ்சு தாராளம். 16 கலவையில 22.5ன்னா ஒரு சிரிஞ்சு பத்தாது, ரெண்டாவது நிரப்பினது கூடவே வரணும்.

பம்ப் பேட்டரி முழுசா இருக்கான்னு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. பச்சை லைட் எரியுதுங்கிறதை நம்ப முடியாது. பழைய பம்ப் பிளக்கை எடுத்த பத்தாவது நிமிசம் அலாரம் அடிக்கும். வண்டியில ஏத்துறதுக்கு 15 நிமிசம் முன்னாலேயே பேட்டரியில ஓடவிட்டுப் பாருங்க.

ஸ்டிரெச்சரை ஏத்தும்போது பம்ப்பை ஒருத்தர் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. செய்யவே கூடாத வேலை. பம்ப் மேல போனா மருந்து கூடுதலா இறங்கும், கீழ போனா கொஞ்ச நேரம் நின்னே போகும். பேஷன்ட் நெஞ்சு மட்டத்துலயே, தொடை பக்கத்துல படுக்கையில வச்சுக் கட்டிருங்க. டியூப் ஸ்டிரெச்சர் கம்பியில மாட்டி இழுபடாம ஒரு சுத்து விட்டு, தோல்ல ஒட்டுங்க.

ஓடுற வண்டியில சொட்டு எண்ண முடியாது, டிரிப் செட்ல அனுப்பாதீங்க. கஃப் பி.பி.யும் மேடு பள்ளத்துல தப்பாக் காட்டும். திடீர்னு விழுந்தாலோ எகிறினாலோ வண்டியை ஓரங்கட்டி இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் வேகத்தை மாத்தணும். ரெஃபரல் தாள்ல "நார்அட் ஆன் ஃப்ளோ"ன்னு மட்டும் எழுதி அனுப்பாம, மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம், மணிக்கு எத்தனை மி.லி., எப்ப ஆரம்பிச்சது, எந்தக் கையில எத்தனை கேஜ், கடைசியா லைன் பாத்த மணி இத்தனையும் வேணும்.

ஆத்தங்கரை_ஸ்டாஃப்

எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிட்டேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பிரஷர் நல்லா நின்னு, மருந்தை நிறுத்தச் சொன்னா சட்டுன்னு நிறுத்தலாமா? அந்த லைனை அப்புறம் சலைனுக்கு வச்சுக்கலாமா?

இன்சார்ஜ்_அக்கா

சட்டுன்னு நிறுத்தாதீங்க. 10, 15 நிமிசத்துக்கு ஒருக்கா 0.02 குறைச்சு, ஒவ்வொரு தடவையும் மீன் பிரஷர் 65 நிக்குதான்னு பாத்து இறக்குங்க. விழுந்தா முந்தின அளவுக்கே போயிட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. நிறுத்தின பிறகும் ஒரு மணி நேரம் சிரிஞ்சு பம்ப்புலயே இருக்கட்டும்.

லைனைப் பொறுத்தவரைக்கும், எக்ஸ்டென்ஷன் டியூபையும் திரீ-வேயையும் கழட்டித் தூரப் போட்டுருங்க. வென்ஃப்ளான்ல சிரிஞ்சு மாட்டி 2 மி.லி. ரத்தம் பின்னால இழுத்துக் கொட்டுங்க. ரத்தம் வரலைன்னா அந்த வென்ஃப்ளானையே எடுத்திருங்க. இழுக்காம சலைன் ஃபிளஷ் அடிச்சா உள்ள நின்ன நார்அட் மொத்தமும் உள்ள போயி, நல்லா இருந்த பேஷன்ட் தலையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து உக்காருவார். எடுத்த இடத்தையும் மறுநாள் வரைக்கும் பாருங்க, தோல் கறுக்கிறது சில நேரம் பிந்தித்தான் தெரியும்.